தட்டுவது யார்?

இரவு வேளையில் கதவு தட்டப்படும் ஓசை கேட்டால் நாம் என்ன செய்வோம்? "யாரது?" என்று கேட்போம். தட்டியது காற்றாக இருக்கலாம். பக்கத்து வீட்டாராக இருக்கலாம். கள்வனாகவும் இருக்கலாம் அன்றோ? மோட்டார் எஞ்சினுக்குள்ளும் இப்படி ஒரு தட்டல் ஓசை எழுவதுண்டு. அதை 'நாக்கிங்' என்பர். சுழல் எஞ்சின் பொருத்திய காரொன்று வேகம் குறையும்போது இவ்வாறு தட்டினால், தட்டுவது யார் என்று எப்படி அறிவது? காண்போம்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் இயங்கும். ஜெர்மனியின் பெலிக்ஸ் வாங்கெல் (1902–1988) உருவாக்கிய எஞ்சினிலோ பிஸ்டனே கிடையாது! இடை சற்றே சிறுத்த நீள்வட்ட அறைக்குள் முக்கோண வடிவான ரோட்டர் சுழல்கிறது. 1957ஆம் ஆண்டு இது முதன்முதலில் ஓடியது. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1967இல் காஸ்மோ காரிலும், 1978 முதல் 2002 வரை ஆர்.எக்ஸ்-7 கார்களிலும் இதனைப் பொருத்தியது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் 'ஏபெக்ஸ் சீல்' என்னும் மெல்லிய பட்டைகள் உண்டு. வாயு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கசியாமல் காப்பவை இவையே.

ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ, கலவை முழுவதும் சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருமுன், எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடித்தால் அதுதான் உண்மையான நாக்கிங். பிஸ்டன் எஞ்சின் இதைச் சிறிது நேரம் தாங்கக்கூடும். சுழல் எஞ்சினில் ஓர் அடியிலேயே ஏபெக்ஸ் சீல் முறிந்துவிடலாம். பிறகு எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, அதிக சக்திக்காக மாற்றியமைத்த கார்களில் இந்த ஆபத்து மிக அதிகம். ஆகவே அவற்றில் 'நாக் சென்சார்' என்னும் காது ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள்.

இங்கேதான் புதிர் எழுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குள் செல்லும் காற்று மிகவும் குறையும், அழுத்தமும் தாழும். அழுத்தமில்லாத இடத்தில் நாக்கிங் எப்படி வரும்? ஆயினும் சென்சார் "தட்டுகிறது, தட்டுகிறது" என்று அலறுகிறதே! காரணம் என்ன? சென்சார் அதிர்வை மட்டுமே அறியும். அது எதனால் வந்தது என்பதை அறியாது.

சந்தேகத்துக்குரியவர் மூவர். முதலாவது, கியர்களிலும் பேரிங்குகளிலும் உள்ள இடைவெளி. இழுத்துச் செல்லும் எஞ்சின் திடீரென இழுக்கப்படும்போது பற்கள் மறுபக்கம் மோதி ஓசை தரும். இரண்டாவது, எரியாமல் வெளியேறிய பெட்ரோல் சூடான புகைக்குழாயில் 'பட்பட்' என்று வெடிப்பது. மூன்றாவது, உண்மையான நாக்கிங். காலை எடுத்த அந்த நொடியில் டர்போவின் அழுத்தம் இறங்குமுன் பெட்ரோல் குறைந்துவிட்டாலும், ஸ்பார்க் மிக முந்திவிட்டாலும் இது நேரலாம்.

இவர்களைப் பிரித்தறியும் முறை எளிது. எஞ்சின் வேகம், காற்றழுத்தம், ஸ்பார்க் நேரம், சென்சாரின் குரல் ஆகிய நான்கையும் ஒருசேரப் பதிவு செய்ய வேண்டும். அழுத்தம் மிகுந்திருந்த முதல் நொடியில் குரல் எழுந்தால் எச்சரிக்கை! அழுத்தம் நன்றாகத் தாழ்ந்த பிறகு எழுந்தால் முதலிருவரையே ஐயுற வேண்டும். அடுத்து, அந்த நிலையில் மட்டும் ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்திப் பார்க்கலாம். உண்மை நாக்கிங் குறையும். புகைக்குழாய் வெடிப்பு கூடும். கியர் ஓசை மாறாது. பின்னர், வேகம் குறையும்போது பெட்ரோலை முற்றிலும் நிறுத்திப் பார்க்கலாம். எரிய எதுவுமில்லாதபோதும் ஓசை தொடர்ந்தால், அது தீயின் குரல் அன்று. கிளட்சை மிதித்தவுடன் அது மறைந்தால், குற்றவாளி கியர் பக்கத்தில் இருக்கிறான் என்று கொள்ளலாம்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை மறக்கலாகாது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாமற் போகும்.

சிலர் சென்சாரின் கூர்மையைக் குறைத்து அதன் வாயை அடைத்துவிடுவார்கள். ஓசை நிற்கும், ஆபத்து நிற்காது. வேறு சிலர் வீணாக அஞ்சி நல்ல எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். இரண்டுமே தவறு. தோழியரே! தட்டும் ஓசை கேட்டால் காதைப் பொத்தவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். "யாரது?" என்று பொறுமையாகக் கேட்போம். விடை தானே வரும்.