தெளிந்த நீரும் குடிநீரும்

விடியற்காலையில் பிரட்டு முடிந்து, மரம் சீவி, பால் எடுத்து, வெயில் ஏறியபின் வீடு திரும்பும் தொழிலாளர் முதலில் நாடுவது ஒரு செம்பு தண்ணீரையே ஆகும். அது பளிங்குபோல் இருந்துவிட்டால் ஐயமின்றி அருந்திவிடுகிறோம். ஆயின், தெளிவு வேறு, தூய்மை வேறு. நான் ஆசிரியராக இருந்த நாளில் இரு கண்ணாடிக் குவளைகளில் நீரூற்றி, ஒன்றில் மட்டும் சிறிது உப்பைக் கரைத்து மாணவர்முன் வைப்பதுண்டு. எது உப்புநீர் என்று பார்த்தே கூறியவர் எவருமிலர். உப்பே தெரியாதபோது கிருமி எங்கே தெரியப்போகிறது!

பொதுக் குழாய் எட்டாத தோட்டங்களில் ஓடை நீரோ கிணற்று நீரோ மேட்டுத் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து வீடுகளுக்கு வருகிறது. அந்நீரில் மலக்கழிவு கலந்தால் டைபாய்டு, காலரா, வயிற்றுக்கடுப்பு முதலிய நோய்கள் வீடு வீடாகப் பரவும். எலியின் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சலோ, காலிலுள்ள வெட்டுக்காயத்தின் வழியாகவும் உடலுக்குள் புகவல்லது.

இக்கிருமிகளைக் கொல்லவே குளோரின் சேர்க்கப்படுகிறது. அதன் மணத்தை வெறுத்து ஓடை நீரை நாடுவோர் இன்றும் உளர். அந்த மெல்லிய மணமே காவல் இருப்பதற்கு அடையாளம் என்பதை அவர்கள் அறியவேண்டும். குழாயிலிருந்து வரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது மலேசியாவின் தர அளவு. மழைக்குப்பின் நீர் கலங்கினால், கிருமிகள் சேற்றுத் துகள்களுக்குள் மறைந்து குளோரினுக்குத் தப்பிவிடும்.

அம்மோனியா மற்றொரு பகை. பால் உறையாதிருக்க நாம் ஊற்றுகின்ற அதே பொருள்தான். அது ஓடையில் கலந்தால் குளோரினைப் பிடித்துக்கொண்டு அதன் வலிமையைக் குறைத்துவிடுகிறது. அதை நீக்க, அதிலுள்ள நைட்ரஜனைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு குளோரின் செலவாகும். ரப்பர் ஆலைக் கழிவுநீரைக் கட்டுப்படுத்த 1978ஆம் ஆண்டிலேயே விதிமுறைகள் பிறந்தன. ஆனால், நீர் எடுக்கும் இடத்திற்கு மேலே பால் வாளியும் மங்கும் கழுவும் கையை எந்த அதிகாரி நாள்தோறும் வந்து தடுப்பார்?

‘காய்ச்சிக் குடித்தால் போதுமே’ என்பர். கிருமியைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. நீர் கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால், உரத்திலிருந்து கிணற்றில் இறங்கும் நைட்ரேட்டு காய்ச்சுவதால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு அத்தகைய நீரில் புட்டிப்பால் கலக்கினால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, உரமிடும் நிலத்தை அடுத்த கிணற்று நீரைச் சோதித்தறியாமல் கைக்குழந்தைக்குக் கொடுத்தல் ஆகாது. களைக்கொல்லி மருந்தும் கொதியால் நீங்கும் என்று நம்புவதற்கில்லை. பாராகுவாட் 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. எனினும், எந்த மருந்து வந்த பீப்பாயிலும் தண்ணீர் பிடித்துவைத்தல் கூடாது.

துணியில் செங்கறை படியவைக்கும் நீரைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அது பெரும்பாலும் இரும்புச் சத்தே. சுவையைக் கெடுக்குமேயன்றி அந்த அளவில் பெருந்தீங்கு செய்வதில்லை.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய் நீர் வழங்குவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் கூறுகிறது. நீரில் ஐயம் எழுந்தால் முதலில் நிர்வாகத்திடமும், பின்னர் மாவட்டச் சுகாதார அலுவலகத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ தெரிவிக்கலாம். எந்த நாளில், எந்தக் குழாயில், மழைக்கு முன்னா பின்னா என்பதைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். மாதிரி நீரை வீட்டிலுள்ள சாஸ் போத்தலில் எடுத்துச் செல்லவேண்டாம்; போத்தலின் கிருமியும் அதனுடன் சேர்ந்துவிடும். அலுவலகம் தரும் கிருமி நீக்கிய போத்தலில் பிடித்து, குளிரில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் சேர்ப்பிக்க வேண்டும்.