விற்பனை வேலைக்கு நேர்முகத் தேர்வா?

சேலத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. அவ்வூரில் உங்கள் வீடு இருப்பதாகவும், பட்டம் பெற்று ஓராண்டாக வேலை தேடி வரும் உங்கள் பிள்ளைக்கு விற்பனைப் பிரதிநிதி வேலைக்கான நேர்முகத் தேர்வு அழைப்பு வந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இன்னும் ஒரு வாரமே இருக்கிறது. அம்மா தொழுகைப் பாயில் அமர்ந்து துஆச் செய்கிறார். அத்தா புதுச் சட்டை எடுத்துத் தருகிறார். மாமன் மகன் பத்துக் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் விடை எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்கிறான்.

இவற்றில் எதுவும் தவறில்லை. ஆயினும், 'நன்றாகப் பேசத் தெரிந்தால் விற்பனை வேலை கிடைத்துவிடும்' என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறதே, அதைத்தான் முதலில் களைய வேண்டும். அந்தப் பிள்ளையை முன்னால் அமர்த்தி, அவரிடமே பேசுவதாக எண்ணி எழுதுகிறோம். வீட்டிலுள்ள மற்றவர்களும் படிக்கலாம்.

நிறுவனம் எதைத் தேடுகிறது? அலுவலகத்தில் வேலை செய்பவர் மேலாளரின் கண்பார்வையில் இருக்கிறார். விற்பனைப் பிரதிநிதியோ காலையில் வண்டியை எடுத்தால் மாலை வரை தனியே இருக்கிறார். நிறுவனத்தின் சரக்கு, வசூல் பணம், பெயர் ஆகிய மூன்றும் அவருடைய கையில் இருக்கின்றன. 'இவரை நம்பி இவற்றை ஒப்படைக்கலாமா?' என்பதே எதிரில் அமர்ந்திருப்பவரின் மனத்தில் ஓடும் கேள்வி. அவர் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகளெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வருபவை.

மக்கமாநகரில் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எதிர்கொண்டதும் இதே கேள்விதான். தம் சரக்குகளைப் பிறரிடம் ஒப்படைத்து வெளிநாட்டுச் சந்தைகளுக்கு அனுப்பி வணிகம் செய்தவர்கள் அவர்கள். நபிப்பட்டம் பெறுவதற்கு முன், ஏறத்தாழ 25 வயதில் இருந்த நாயகம் (ஸல்) அவர்களை அப்பணிக்கு அழைத்தார்கள். பேச்சுவன்மையைச் சோதித்து அழைக்கவில்லை. உண்மையும் நம்பகமும் உள்ளவர் என்று ஊர் கூறியதைக் கேட்டே அழைத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிகம் தருவதாகவும் சொன்னார்கள். மைஸரா என்ற பணியாளரையும் உடன் அனுப்பினார்கள். ஷாம் நாட்டிலிருந்து திரும்பியபோது இலாபமும் வந்தது; உடன் சென்ற மைஸராவின் சாட்சியமும் வந்தது. இன்று நிறுவனங்கள் 'உங்களைப் பற்றி விசாரிக்க இருவர் பெயர் கொடுங்கள்' என்று கேட்பது அந்த மைஸராவைத் தேடித்தான். ஆகவே பெயர் கொடுக்கும் முன் கல்லூரிப் பேராசிரியரிடமோ, விடுமுறையில் நீங்கள் வேலை பார்த்த கடை முதலாளியிடமோ நேரில் சென்று சொல்லி, அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்நிலையருகே இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிய வரலாறு நீங்கள் அறிந்ததே. அவரைப் பணிக்கு அமர்த்தும்படி தந்தையிடம் பரிந்துரைத்த மகள் எடுத்துச் சொன்ன தகுதிகள் இரண்டு: வலிமையும் நம்பகத்தன்மையும். யூஸுப் (அலை) அவர்களும் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பேணிக் காப்பவர், விஷயம் அறிந்தவர் என்றே கூறினார்கள். குலத்தையோ அழகையோ எடுத்துரைக்கவில்லை. நேர்மை மட்டும் போதும் என்று மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. அதனுடன் திறமையும் சேர்த்தே சொல்லப்படுகிறது. இதை நம்மவர்களில் பலர் மறந்துவிடுகிறோம். நல்ல பிள்ளை என்ற பெயர் வாசற்படி வரை அழைத்துச் செல்லும். அதற்கு மேல் தொழிலறிவு வேண்டும்.

அந்தத் தொழிலறிவை ஒரு வாரத்தில் பெற முடியுமா? ஓரளவு முடியும். அதற்குக் காலில் செருப்பும் கையில் ஒரு குறிப்பேடும் போதும்.

எந்த நிறுவனம் உங்களை அழைத்திருக்கிறதோ, அதன் பொருள் விற்கும் கடைகளுக்குச் செல்லுங்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் தொடங்கி, கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று இறங்கி, செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரக் கடைகள் வரை செல்லலாம். இருபது கடைகளாவது பாருங்கள். வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத முற்பகல் நேரமாகப் பார்த்துச் சென்று, ஸலாமோ வணக்கமோ கூறி, உண்மையைச் சொல்லுங்கள்: "இந்தக் கம்பெனியில் வேலைக்குப் போகிறேன் அண்ணே, சரக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள வந்தேன்." பெரும்பாலான கடைக்காரர்கள் மகிழ்ச்சியுடனே பேசுவார்கள். அவர்களிடம் கருத்துக் கேட்க யார் வருகிறார்கள்! லைன் வண்டி வாரத்தில் எந்த நாள் வருகிறது, போட்டி நிறுவனம் என்ன சலுகை தருகிறது, காலாவதியான சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களா, எத்தனை நாள் கடன், முன்பு வந்த சேல்ஸ்மேனைப் பற்றி என்ன குறை என்றெல்லாம் கேட்டு, கடை வாரியாக எழுதுங்கள். அந்தக் குறிப்பேட்டைத் தேர்வு நாளன்று உடன் கொண்டு செல்லுங்கள். 'எங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?' என்ற கேள்வி வரும்போது, மற்றவர்கள் விளம்பர வாசகத்தை ஒப்பிப்பார்கள். நீங்கள், "இருபது கடைகளில் விசாரித்தேன், எட்டுக் கடைகளில் உங்கள் சிறிய பாக்கெட் இருப்பில் இல்லை" என்று சொல்ல முடியும். மேலாளரே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்.

சரக்கு செல்லும் வழியையும் அறிந்திருக்க வேண்டும். நிறுவனத்திலிருந்து கிடங்குக்கும், அங்கிருந்து விநியோகஸ்தருக்கும், அவரிடமிருந்து சில்லறைக் கடைக்கும் செல்கிறது. விநியோகஸ்தரிடம் இறக்கியது வேறு, கடையில் விற்றது வேறு. மாதக் கடைசியில் இலக்கை எட்டுவதற்காக விநியோகஸ்தர் தலையில் சரக்கைக் கட்டிவிட்டு, அடுத்த மாதம் அதைத் திரும்பப் பெறும் கூத்து பல நிறுவனங்களில் நடக்கிறது. 'இலக்கு எட்டவில்லை, மாதம் முடிய மூன்று நாள்தான் இருக்கிறது, என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால், அனுபவமுள்ளவர் இதைத்தான் ஆழம் பார்க்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு. கடைக்காரர் 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் பொருளில் அவருக்கு இலாபம் எத்தனை சதவீதம்? வாங்கிய விலையின் மேல் பார்த்தால் 25, விற்ற விலையின் மேல் பார்த்தால் 20. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர் கடைக்காரரிடமும் ஏமாறுவார், மேலாளரிடமும் விழிப்பார். இன்னொரு கணக்கு: மாத இலக்கு 3,00,000 ரூபாய் என்றால், 25 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு 12,000. ஒரு கடையின் சராசரி ஆர்டர் 800 ரூபாய் என்றால் நாள்தோறும் 15 ஆர்டர் வேண்டும். இரண்டு கடைக்கு ஒன்று ஆர்டர் தரும் என்றால் 30 கடை ஏற வேண்டும். இதைத் தாளில் போட்டுக் காட்டிவிட்டு, "இந்த 30 கடையை ஒரே நாளில் பார்க்கும்படி லைன் அமைந்திருக்கிறதா?" என்று நீங்களே கேட்கலாம். 'உழைப்பேன், சாதிப்பேன்' என்று பத்து முறை சொல்வதைவிட இந்த ஒரு கேள்வி மேலானது. வீட்டில் தங்கையையோ அம்மாவையோ மேலாளராக அமர்த்தி, எண்களை மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள்.

'இந்தப் பேனாவை என்னிடம் விற்றுக் காட்டுங்கள்' என்ற பழைய சோதனை இன்னும் ஒழியவில்லை. விற்பனைப் பேச்சை அச்சிட்டு ஆட்களுக்கு மனப்பாடம் செய்வித்த வழக்கம் அமெரிக்காவில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் 1887-ஆம் ஆண்டிலேயே இருந்தது. நம் நாட்டில் 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், வீட்டுக் கதவைத் தட்டி விற்கும் பெரும்படையை உருவாக்கியது. இந்தச் சோதனையில் தோற்பவர்கள் பெரும்பாலும் பேனாவைப் புகழத் தொடங்கியவர்களே. முதலில் கேட்க வேண்டும்: ஐயா எதற்கு எழுதுகிறீர்கள், இப்போதுள்ள பேனாவில் என்ன குறை, எவ்வளவு விலையில் பார்க்கிறீர்கள்? கேட்ட பிறகே பேச வேண்டும்.

பேனாவுக்குப் பதிலாக நம் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின்போது ஜவ்வரிசி இறக்குமதி நின்றுபோனது. வணிகத்துக்காகக் கேரளம் சென்றுவந்த சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவிடம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் முறையை அறிந்து, 1943-இல் அத்தொழிலை இங்கே தொடங்கினார். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இதே ஜவ்வரிசியில் வெண்மைக்காக இரசாயனம் சேர்ப்பதும் மக்காச்சோள மாவு கலப்பதும் நடந்து, உணவுப் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்த செய்திகளும் உண்டு. இப்போது கேள்வி: உங்கள் சரக்கு சற்று மங்கலாக இருக்கிறது, போட்டியாளரின் சரக்கு பளிச்சென்று இருக்கிறது, விலையும் குறைவு. எப்படி விற்பீர்கள்? 'அவன் சரக்கெல்லாம் கலப்படம்' என்று நிரூபிக்காத பழியைச் சுமத்துவது விடையன்று. மங்கலாக இருப்பதற்குக் காரணத்தைச் சொல்லி, பரிசோதனைச் சான்றைக் காட்டி, வேகவைத்துப் பார்க்க ஒரு கிலோ கொடுத்துவிட்டு வருவது விடை.

குறையை மறைத்து விற்கச் சொன்னால்?

நம் பிள்ளைகள் அஞ்சும் கேள்வி இதுதான். சில மேலாளர்கள் வேண்டுமென்றே கேட்பார்கள்: 'பொருளில் ஒரு சிறு குறை இருக்கிறது, வாடிக்கையாளர் கேட்கவில்லை, சொல்வீர்களா?' சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் வரும்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். கூஃபா நகரில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், குறையுள்ள துணியைச் சுட்டிக்காட்டி விற்கும்படி தம் கூட்டாளியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. கிடைத்த பணம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள். ஆகவே நமக்கு விடை தெளிவு. அதைச் சொல்லும் விதம்தான் முக்கியம். மேலாளருக்கு உபதேசம் செய்ய வேண்டாம். "சொல்லிவிட்டு, அதற்கேற்ற விலையில் விற்பேன் ஐயா. அடுத்த மாதமும் அதே கடைக்கு நான்தானே போக வேண்டும்?" என்றால் போதும். நீடித்து நிற்க விரும்பும் நிறுவனம் இந்த விடையைக் கேட்டு மகிழும். முகம் சுளிக்கும் நிறுவனம் எப்படிப்பட்டதென்று வேலையில் சேரும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். இதனால் ஒரு வேலை கைநழுவவும் கூடும். அதை மறைப்பதற்கில்லை. கடன்சுமை உள்ள வீட்டில் அது சிறிய இழப்பன்று. பெற்றோர்கள் அன்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் இருப்பதே பெரும் உதவி.

எதை விற்கப் போகிறோம் என்பதையும் முன்பே விசாரியுங்கள். 'ஃபீல்டு எக்ஸிகியூட்டிவ்' என்ற அழகிய பெயரில் வரும் வேலைகளில் பல, வட்டிக் கடனும் கிரெடிட் கார்டும் பிடித்துத் தரும் வேலைகளே. அழைப்பு வந்ததும் தொலைபேசியில் கேட்டுத் தெளிந்துகொண்டால், பேருந்துச் செலவும் மனக்குழப்பமும் மிச்சம். மருந்துப் பிரதிநிதி வேலைக்குச் செல்பவர்கள், மருத்துவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பரிசு கொடுப்பதை மத்திய அரசின் 2024 மார்ச் மாத நெறிமுறை தடுக்கிறது என்பதை அறிந்து செல்லுங்கள். ஆள் சேர்த்தால் பணம் என்ற சங்கிலி வியாபாரம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 2021-ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளாலும் தடை செய்யப்பட்டது. வேலைக்கு முன்பணம் கேட்பவரிடமிருந்தும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வேன் என்பவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள். கோரிமேட்டிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையம் தனியார் நிறுவனங்களை வரவழைத்து நடத்தும் முகாம்களுக்குக் கட்டணமே கிடையாது.

ஜும்ஆவைப் பற்றி எப்போது பேசுவது என்று பலர் தயங்குகிறார்கள். முதல் வாக்கியமாக அதைச் சொல்ல வேண்டியதில்லை. வேலை உறுதியான பின் திடீரென்று சொல்வதும் சரியன்று. வேலை நேரம் பற்றிய பேச்சு வரும்போது, "வெள்ளிக்கிழமை லைனை ஆத்தூர் அல்லது இராசிபுரம் நகருக்குள் அமைத்துக்கொண்டால், நண்பகல் தொழுதுவிட்டு அங்கேயே கடைகளைத் தொடர்வேன், அன்றைய எண்ணிக்கை குறையாது" என்று ஒரே வாக்கியத்தில் வழியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

துணிக்கடை, நகைக்கடை விற்பனைப் பிரிவுகளுக்குச் செல்லும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. நாள் முழுதும் நின்றே வேலை பார்க்கும் கொடுமையை நீக்க, கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத் திருத்தம் செய்தது. இருக்கை உண்டா, மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள், தொழுகைக்கு ஒதுங்க இடம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

தேர்வு நாளன்று அரைமணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். உடை சுத்தமாக இருந்தால் போதும். கழுத்துப் பட்டை பழக்கமில்லாதவர் அன்றுதான் முதன்முதலாகக் கட்டிப் பார்க்க வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் சொல்ல அனுமதி கேளுங்கள். சேலத்துக் கடைக்காரரிடம் பேசப் போவது தமிழில்தானே! இருசக்கர வாகன உரிமம், சான்றிதழ் நகல்கள், குறிப்பேடு ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும்.

அல்லாஹ்வின் நாட்டத்தால் தேர்வாகிவிட்டால், மகிழ்ச்சியில் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். விற்பனை ஊக்குவிப்புப் பணியாளருக்கு நியமனக் கடிதம் தரவேண்டும் என்று 1976-லேயே மத்திய அரசு தனிச் சட்டம் இயற்றியது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, அதைப் பொதுவாக எல்லாப் பணியாளருக்கும் உரியதாக்கியிருக்கிறது. நிலையான சம்பளம் எவ்வளவு, இலக்கைப் பொறுத்த கமிஷன் எவ்வளவு, பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு எவ்வளவு, கடைக்காரர் பணம் தராமல் போனால் அந்தப் பாக்கி யார் தலையில் விழும் என்ற நான்கையும் எழுத்தில் பாருங்கள். கடைசியாகச் சொன்னது கடிதத்தில் இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்கிய பிறகே வண்டிச் சாவியை எடுங்கள்.