விபத்துக்குப் பின் கழுத்து வலியா?

பின்னால் வரும் வாகனம் மோதும்போது தலை சட்டென முன்னும் பின்னும் வீசப்பட்டு, கழுத்துத் தசைகளும் தசைநார்களும் காயமடைகின்றன. வலி மறுநாள்கூடத் தோன்றலாம். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் குணமாகிவிடும். மென்மையான கழுத்து அசைவுகள் அதற்கு உதவும்.

ஆயினும் கை கால் மரத்துப்போதல், வலுவிழத்தல், தாங்கவியலாத வலி, மனக்குழப்பம், தொடர் வாந்தி, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காத்திருத்தல் கூடாது; கழுத்தை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். 65 வயதைக் கடந்தோர், வலி சிறிதாயினும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

நாங்கள் வலியுறுத்துவது ஒன்று: பரிசோதனைக்கு முன், சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி எவரும் கழுத்தைத் திருக இடங்கொடாதீர்கள். எலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு திருகலே தண்டுவடத்தைச் சிதைத்துவிடக்கூடும்.