எஞ்சினின் மூச்சுக் காற்றுக்கு ஒரு வெப்பத் திரை

மோட்டார் கார் பெட்ரோலினால் ஓடுகிறது என்கிறோம். அது பாதி உண்மையே. ஒரு கிராம் பெட்ரோல் செம்மையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். 1,500 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது, அதன் உருளைகள் முழுமையாக நிரம்புமானால், அந்த ஒரு நிமிடத்தில் 2,250 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். இவ்வளவு காற்றை உண்ணும் எஞ்சினுக்கு எத்தகைய காற்று கிடைக்கிறது என்பது ஆராயத் தக்கதன்றோ?

சூடான காற்றின் குறை

சூடேறிய காற்று விரியும் என்பதைச் சார்லஸ் விதி என நம் மாணவர்கள் படிக்கிறார்கள். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ, 60 பாகையில் அது சுமார் 1.06 கிலோவாகக் குறைகிறது. உருளையின் கொள்ளளவோ மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் பிராணவாயு நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்துவிடுகிறது. மேடு ஏறும்போதும் பிற வண்டிகளை முந்தும்போதும் இக்குறை தெரியும். மேலும், சூடான காற்றால் பெட்ரோல் காலத்திற்கு முன்பே வெடித்து எஞ்சினில் தட்டும் ஓசை எழக்கூடும். இதைத் தவிர்க்க, தற்காலக் கார்களிலுள்ள மின்னணுக் கருவி தீப்பொறி எழும் நேரத்தைத் தாமதப்படுத்துகிறது. அதனாலும் வலு குறைகிறது.

யாருக்குத் தேவை?

பெரும்பாலான புதிய கார்களில் காற்று வடிகட்டி ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அதன் குழாய் வண்டியின் முன்புறத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. அத்தகைய காருக்குத் தனியே திரை வேண்டுவதில்லை. அப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு வடிவமான திறந்த வடிகட்டியைப் பொருத்துவோர் பலர். எஞ்சினின் உறுமல் கூடுவதைக் கேட்டு வலுவும் கூடியதென மகிழ்கிறார்கள். உண்மையில் அவ்வடிகட்டி உறிஞ்சுவது எஞ்சின் அறையின் வெந்த காற்றையே. திரை வேண்டியது இவர்களுக்குத்தான்.

வெப்பம் வரும் வழி

விறகடுப்பின் எதிரே நிற்பவர் முகத்துக்கு நேராக ஒரு முறத்தைப் பிடித்தால் அனல் உடனே தணிகிறது. ஆனால் சமையலறைக் காற்று குளிர்ந்துவிடுவதில்லை. முறம் தடுப்பது கதிர்வீச்சை மட்டுமே. காரிலும் இப்படித்தான். புகை வெளியேறும் குழாயிலிருந்து கதிர்வீச்சாலும், ரேடியேட்டரைக் கடந்து வரும் சூடான காற்றின் ஓட்டத்தாலும், இணைந்த உலோகங்களின் வழியே கடத்தலாலும் வெப்பம் பரவுகிறது. நல்ல திரை இம்மூன்றையும் எதிர்க்க வேண்டும். பளபளப்பான பரப்பு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும். ஓரங்களின் ரப்பர் சூடான காற்றைத் தடுக்கும். திருகுகளின் கீழுள்ள ரப்பர் வளையம் கடத்தலைக் குறைக்கும்.

செய்யும் முறை

எஞ்சின் நன்கு ஆறிய பின், மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குக. முதலில் தடித்த அட்டையில் மாதிரி வெட்டுக. வடிகட்டியை எஞ்சினிடமிருந்து பிரிக்கும் சுவராக அது நிற்க வேண்டும். வெளிக்காற்று வரும் முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். அட்டையின் மேல்விளிம்பில் சிறு களிமண் உருண்டைகளை வைத்து எஞ்சின் மூடியை மெல்லச் சாத்தினால், அவை நசுங்கும் அளவைக் கொண்டு உயரத்தை அறியலாம். ஓடும்போது எஞ்சின் அசையும். ஆதலால் அதற்கும் திரைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியேனும் விடுக.

பின்னர் 1 அல்லது 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகட்டில் மாதிரியை வரைந்து, தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டுக. மடிக்க வேண்டிய கோட்டைப் பென்சிலால் வரைக. கூரிய ஊசியால் கீறினால் தகடு அவ்விடத்திலேயே விரிசல் காணும். தகட்டை இரு மரச் சட்டங்களுக்கிடையே இறுக்கி, மரச் சுத்தியால் சிறிது சிறிதாகத் தட்டி மடிக்கலாம். விளிம்புகளை அரத்தால் மழுக்கி, ரப்பர் பட்டை பொருத்துக. காரில் ஏற்கனவே உள்ள திருகுத் துளைகளையே பயன்படுத்தி, அதிர்ச்சியில் தளராத மரைகளால் முடுக்குக. எஞ்சினை நோக்கும் பக்கத்திற்கு அழகுக்காகக் கருப்புச் சாயம் பூசலாகாது. அது கதிர்வீச்சை ஏற்றுக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள்

பழைய கல்நார்த் தகடு கிடைக்கிறதே என்று அதனை எடுத்து வெட்டாதீர்கள். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்கும். குளிர்ந்த காற்றைத் தேடிக் குழாயின் வாயைத் தரையருகே தாழ்த்துவதும் ஆபத்து. நம் பக்கத்து அடைமழையில் சாலை நீரை எஞ்சின் உறிஞ்சிவிடலாம். காற்றைப்போல் நீரை நெருக்க முடியாது. உருளைக்குள் நீர் புகுந்தால் உந்துதண்டு வளைந்து எஞ்சினே பாழாகும்.

அளந்து அறிக

திரை காற்றைக் குளிர்விப்பதில்லை. வெளியே உள்ள காற்று மேலும் சூடேறாமல் காக்கிறது. அவ்வளவே. நெரிசலில் வண்டி நின்றிருக்கும்போது திரைக்குள்ளும் சூடு ஏறும். ஓடத் தொடங்கியதும் இறங்கும். நிதானமான ஓட்டத்தில் பெட்ரோல் மிச்சமாகும் என எதிர்பார்ப்பதும் தவறு. எஞ்சின் முழு வலுவைக் கேட்கும்போதுதான் அதன் பயன் தெரியும்.

ஆதலால், நீண்ட கம்பியுடைய வெப்பமானியின் முனையை வடிகட்டியின் அருகே கட்டி, திரை இல்லாமல் ஒருமுறையும் திரையுடன் ஒருமுறையும், ஒரே வழியில், ஒரே நேரத்தில் ஓட்டி இரு அளவுகளையும் குறித்துக்கொள்க. அளவு இறங்காவிட்டால் வெளிக்காற்று வரும் வழி அடைபட்டிருக்கிறதென்று கொண்டு, அதனைத் திறந்து மீண்டும் அளக்க வேண்டும். அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இவ்விரு அளவுகளையும் கரும்பலகையில் எழுதி, காற்றின் எடை எவ்வளவு மாறியது என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம்.