பின்னால் நிற்பவரைக் காட்டும் கண்

நுழையும்முன்

ஊர்தி முன்னே செல்லும்போது ஓட்டுநரின் கண்ணே அதற்கு வழிகாட்டி. அதே ஊர்தி பின்னோக்கி வரும்போது அக்கண்ணுக்குக் கருவியின் துணை வேண்டும். பெரிய ஊர்திகளின் பின்புறத்தைக் காட்டும் கேமராவையும் திரையையும் எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அவை எதைச் செய்யும், எதைச் செய்யமாட்டா என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சக்கரத்தின்மேல் ஒரு வீடு

மும்பையின் கோரேகாவ் பகுதியிலுள்ள பிலிம் சிட்டியில் படப்பிடிப்பு நடைபெறும் நாள்களில் நீண்ட, பெரிய வேன்கள் நிற்பதைக் காணலாம். மும்பையில் அவற்றை ‘வேனிட்டி வேன்’ என்பர். தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்பர். அவற்றுள் நடிகர்கள் ஓய்வெடுக்கவும் ஒப்பனை செய்துகொள்ளவும் அறைகள் இருக்கும். படுக்கை, சமையலிடம், கழிப்பறை ஆகியவற்றைக் கொண்ட பயணக் கேரவன்களும் உண்டு. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையையே அறிவித்தது.

கோடை விடுமுறையில் தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ ஒரு குடும்பம் கேரவனில் திருநெல்வேலிக்குப் புறப்படுகிறது என்று கொள்வோம். புணே, கோலாப்பூர், பெங்களூரு, சேலம், மதுரை வழியாக ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இத்தனை தொலைவிலும் ஓட்டுநருக்கு மிகவும் கடினமான பகுதி நெடுஞ்சாலை அன்று. புறப்படும் தெருவிலும், உணவு விடுதியின் வாசலிலும், ஊர் சென்று சேரும் சந்திலும் வண்டியைப் பின்னால் எடுக்கும் சில மீட்டர் தொலைவே அவரை மிகவும் சோதிக்கும்.

காரணம் எளியது. கேரவனின் பின்புறம் பெரும்பாலும் சுவராகவே இருக்கும். அச்சுவரை ஒட்டிப் படுக்கையோ அலமாரியோ அமைந்திருக்கும். ஓட்டுநருக்கு மேலே உள்ள கண்ணாடியில் தெருவுக்கு மாறாக அந்த அலமாரிதான் தெரியும். இருபுறக் கண்ணாடிகளும் வண்டியின் பக்கங்களைக் காட்டுமேயன்றி, நேர் பின்னால் இருப்பதைக் காட்டமாட்டா.

கண்ணுக்கு மறையும் இடம்

ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத பகுதி ‘மறைவிடம்’ எனப்படும். பின்புறக் கண்ணாடி உள்ள சிறிய வண்டிக்கும் மறைவிடம் உண்டு. அதை ஒரு கணக்கின் வழியாக அறியலாம்.

ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவருக்கு 3 மீட்டர் பின்னால், வண்டியின் கடைசியில், பின்புறக் கண்ணாடியின் கீழ்விளிம்பு 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே அவ்விளிம்பை ஒட்டிச் செல்லும் பார்வைக்கோடு 3 மீட்டர் தொலைவுக்கு 0.3 மீட்டர் இறங்குகிறது. அக்கோடு 0.9 மீட்டர் உயரத்திற்கு இறங்க, வண்டிக்குப் பின்னால் இன்னும் 3 மீட்டர் செல்ல வேண்டும். எனவே, 90 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு குழந்தை வண்டியின் பின்னால் 3 மீட்டருக்குள் நின்றால், அதன் தலைமுடிகூட ஓட்டுநருக்குத் தெரியாது. தரையில் கிடக்கும் பந்து தெரிய வேண்டுமாயின் அது 12 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும்.

கண்ணாடியே இல்லாத கேரவனுக்கு இம்மறைவிடம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தாராவியில் தோல்பொருள்களையும் மறுசுழற்சிப் பொருள்களையும் ஏற்றும் டெம்போக்கள், மாட்டுங்காவின் சந்தைத் தெருக்களில் சரக்கு இறக்கும் வேன்கள், செம்பூரை அடுத்த மாகுல் எண்ணெய் ஆலைகளுக்குச் செல்லும் டேங்கர் லாரிகள் ஆகிய அனைத்துக்கும் இச்சிக்கல் உண்டு. குழந்தைகள் விளையாடும் சந்தும் வண்டி பின்னோக்கி வரும் சந்தும் ஒன்றாகவே இருக்கும் நகரத்தில், மறைவிடம் என்பது உயிரோடு தொடர்புடைய செய்தியாகும்.

ஒரு குழந்தையின் பெயரில் ஒரு சட்டம்

பின்புறத்தைக் காட்டும் கேமரா புதிய எண்ணம் அன்று. 1956ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பியூக் நிறுவனம் ‘செஞ்சூரியன்’ என்னும் காட்சிக் காரில், கண்ணாடிக்கு மாற்றாகத் தொலைக்காட்சிக் கேமராவைப் பொருத்திக் காட்டியது. எனினும், அது நெடுங்காலம் வசதிப்பொருளாகவே கருதப்பட்டது.

2002ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் கேமரன் கல்பிரான்சன் என்னும் இரண்டு வயதுக் குழந்தை, பின்னோக்கி வந்த வண்டியின் மறைவிடத்தில் சிக்கி உயிரிழந்தது. வண்டியை ஓட்டியவர் அக்குழந்தையின் தந்தையே. அவர் கண்ணாடிகளைப் பார்த்துத்தான் ஓட்டினார். கண்ணாடிகளில் குழந்தை தெரியவில்லை. இத்தகைய இழப்புகளைத் தடுப்பதற்காக 2008ஆம் ஆண்டில் அக்குழந்தையின் பெயரிலேயே அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 2018ஆம் ஆண்டு மே முதல் அங்கே விற்கப்படும் புதிய கார்களிலும் சிறு வேன்களிலும் பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் புதிய கார்களில் பின்புற உணர்வி கட்டாயமாக்கப்பட்டது.

உணர்வி என்பது வௌவாலைப் போன்றது. மனிதச் செவிக்குக் கேளாத ஒலியை அது அனுப்புகிறது. அவ்வொலி எதிலேனும் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது. 1.7 மீட்டர் தொலைவிலுள்ள பொருளில் பட்டு ஒலி திரும்ப நொடியில் நூறில் ஒரு பங்கே ஆகும். ஆயினும் மெல்லிய கம்பியையும், மிகத் தாழ்வாக உள்ள பொருளையும் உணர்வி தவறவிடக்கூடும். உணர்வி எச்சரிக்கும், ஆனால் எது நிற்கிறது என்று காட்டாது. கேமரா காட்டும், ஆனால் எச்சரிக்காது. ஆகவே பெரிய வண்டிகளுக்கு இரண்டும் இருப்பது நன்று.

கேமராவைத் தேர்ந்தெடுத்தல்

கேமரா வாங்குவோர் நான்கு செய்திகளை ஆராய வேண்டும்.

முதலாவது, பார்வைக்கோணம். கோணம் மிகக் குறுகினால் வண்டியின் இரு மூலைகளும் தெரியா. மிக விரிந்தாலோ கோடுகள் வளைந்து தெரியும். பொருள்கள் சிறுத்து, உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பன போலத் தோன்றும். ஆகவே ‘கோணம் கூடக்கூட நல்லது’ என்று எண்ணுவது தவறு. வண்டியின் பின்விளிம்பும் அதன் இரு மூலைகளும் படத்தில் தெரியும் அளவே வேண்டும்.

இரண்டாவது, பொருத்தும் இடம். கேரவனில் கேமராவை உயரத்தில், நடுவில் பொருத்தி, சற்றே கீழ்நோக்கிச் சாய்ப்பது வழக்கம். வண்டியின் பின்விளிம்பு படத்தின் அடியில் சிறிதளவு தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால், வண்டி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்பதை ஓட்டுநரால் அறிய இயலாது.

மூன்றாவது, இருளில் காணும் திறன். சில கேமராக்களில் அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். அவற்றின் ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். இருளில் படம் கறுப்பு வெள்ளையாக வரும். எனினும் விளக்கில்லாத சந்தில் ஒரு குழந்தையின் உருவத்தைப் பிரித்தறிய அது உதவும்.

நான்காவது, நீரையும் தூசியையும் தாங்கும் திறன். மும்பையில் 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய மழை அரிதெனினும், ஒவ்வோர் ஆண்டும் நான்கு மாதங்கள் கேமரா நனைந்துகொண்டேதான் இருக்கும். பெட்டியின்மேல் ‘ஐ.பி. 67’ என்பது போன்ற குறியீடு இருக்கும். அதில் 6 என்பது தூசி புகாது என்பதையும், 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் இருந்தாலும் கெடாது என்பதையும் குறிக்கும். ‘69கே’ என்னும் குறியீடு, வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் விசையுடன் பாய்ச்சும் சுடுநீரையும் தாங்கும் என்பதைக் காட்டும்.

திரையைத் தேர்ந்தெடுத்தல்

திரை பெரிதாக இருந்தால் படம் தெளிவாகத் தெரியும். ஆனால் அது சாலையை மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருத்தல் ஆகாது. பெரிய வண்டிகளில் 7 அங்குலத் திரை பரவலாகப் பயன்படுகிறது. நண்பகல் வெயிலிலும் படம் தெரியும் அளவுக்கு வெளிச்சமும், இரவில் கண்ணைக் கூசாதபடி அதைக் குறைக்கும் வசதியும் அதற்கு வேண்டும்.

திரையில் வரும் படம் கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாறி இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டியின் இடப்பக்கம் நிற்பவர் திரையிலும் இடப்பக்கம் தெரிவார். இந்த அமைப்பு தவறினால் ஓட்டுநர் விலக வேண்டிய பக்கமே திரும்பிவிடுவார்.

கம்பி வழியா, காற்று வழியா?

படத்தைக் கேமராவிலிருந்து திரைக்குக் கம்பி வழியாகவும் அனுப்பலாம், கம்பியின்றியும் அனுப்பலாம். கம்பி வழி உறுதியானது. ஆனால் பொருத்துவதற்கு உழைப்பு மிகுதி. 7 மீட்டர் நீளமுள்ள வண்டிக்கு 7 மீட்டர் கம்பி போதாது. அது மேலேறி, வளைந்து, இறங்கிச் செல்வதால் 10 மீட்டருக்கு மேலும் தேவைப்படலாம். கம்பியில்லா முறை பொருத்துவதற்கு எளிது. எனினும் அக்கேமராவுக்கும் மின்சாரம் தரும் கம்பி வேண்டும். மேலும், வண்டியின் உலோக உடலும், அருகிலுள்ள வீடுகளின் வைஃபை அலைகளும் படத்தைத் தடுமாறச் செய்யக்கூடும்.

படம் நின்றுபோவதைவிடப் படம் தாமதமாக வருவது பேரிடர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும் வண்டி ஒரு நொடியில் 1.4 மீட்டர் நகர்கிறது. படம் அரை நொடி தாமதித்தால், திரையில் காணும் இடத்தைக் கடந்து வண்டி 70 சென்டிமீட்டர் வந்துவிட்டிருக்கும். ஆகவே வாங்குவதற்குமுன் ஒருவர் கேமராவின்முன் கையசைக்க, மற்றொருவர் திரையைப் பார்த்து ஆராய வேண்டும்.

மின்னழுத்தத்தையும் கவனித்தல் வேண்டும். கார்களிலும் சிறு வேன்களிலும் 12 வோல்ட் மின்கலமும், பெரிய பேருந்துகளிலும் லாரிகளிலும் பெரும்பாலும் 24 வோல்ட் அமைப்பும் உள்ளன. பேருந்தின் அடித்தளத்தின்மேல் கட்டப்பட்ட கேரவனில் 12 வோல்ட் கேமராவை மட்டும் நம்பி இணைத்தால் அது எரிந்துபோகும். இரண்டையும் ஏற்கும் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. பின்னோக்கிச் செல்லும்போது எரியும் விளக்கின் மின்னிணைப்போடு கருவியை இணைத்தால், ஓட்டுநர் ரிவர்ஸ் கியரைப் போட்டவுடன் திரை தானே ஒளிரும்.

அளந்து பார்த்தல்

கேமராவைப் பொருத்தியதோடு பணி முடிவதில்லை. வண்டியின் பின்னால் 1, 2, 3 மீட்டர் தொலைவுகளில் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்து, ஒவ்வொரு கோட்டின்மீதும் ஒரு வாளியை வைக்க வேண்டும். அவை திரையில் எவ்விடத்தில் தெரிகின்றன என்பதை ஓட்டுநர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் தோன்றுமாயின், அவை உண்மையான தொலைவைக் காட்டுகின்றனவா என்று இவ்வாறே ஒப்பிட வேண்டும். வாளி தெரியாத இடம் ஏதேனும் இருந்தால், அதுவே எஞ்சியிருக்கும் மறைவிடம்.

கருவியும் மனிதரும்

மும்பைத் தெருக்களில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று, வண்டியைத் தட்டியபடி “ஆனே தோ, ஆனே தோ” என்று குரல் கொடுப்பார். தமிழ்நாட்டில் கிளீனர் “வரலாம், வரலாம்” என்பார். கேமரா வந்தபின் இக்குரல் தேவையில்லை என்று சிலர் கருதுவர். அது சரியன்று. வில்லையில் மழைத்துளியோ சேறோ படிந்தால் படம் மங்கும். மாலை வெயில் நேராக விழுந்தால் படம் வெளுக்கும். பக்கவாட்டுச் சந்திலிருந்து ஓடிவரும் சிறுவன் படத்தினுள் வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடலாம். வெளியே நிற்பவரோ அவனை முன்னதாகவே காண்பார். காண்பதோடு நில்லாமல் ‘நிறுத்து’ என்றும் கூவுவார்.

எனவே நல்ல ஓட்டுநர் முதலில் இறங்கி வண்டியைச் சுற்றி வருவார். பின்னர்த் திரையையும் இருபுறக் கண்ணாடிகளையும் மாறிமாறிப் பார்ப்பார். நடக்கும் வேகத்தினும் குறைவாக வண்டியை எடுப்பார். ஐயம் தோன்றினால் நிறுத்திவிடுவார்.

தெருவில் நிற்போர்க்கும் கடமை உண்டு. பின்புற வெள்ளை விளக்கு எரிந்தாலோ ரிவர்ஸ் ஒலி கேட்டாலோ வண்டியின் பின்னாலிருந்து உடனே விலக வேண்டும். பந்து வண்டிக்கு அடியில் உருண்டு சென்றால் அதன்பின் ஓடுதல் கூடாது. ஓட்டுநரின் முகத்தைக் காண இயலாத இடத்தில் நிற்பவரை ஓட்டுநராலும் காண இயலாது. இவ்வுண்மையைச் சிறுவரும் தம் தம்பி தங்கையர்க்கு எடுத்துரைக்கலாம்.

சொல்லும் பொருளும்

ஊர்தி – வண்டி, வாகனம்
மறைவிடம் – ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத பகுதி
உணர்வி – அருகிலுள்ள பொருளை அறிந்து ஒலியெழுப்பும் கருவி
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
மின்கலம் – பேட்டரி

பயிற்சி

1. கேரவனுக்குப் பின்புறக் கேமரா ஏன் தேவைப்படுகிறது?
2. உணர்விக்கும் கேமராவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ‘கோணம் கூடக்கூட நல்லது’ என்பது ஏன் தவறாகும்?
4. ஓட்டுநரின் கண் 1.6 மீட்டர் உயரத்திலும், 4 மீட்டர் பின்னால் கண்ணாடியின் கீழ்விளிம்பு 1.2 மீட்டர் உயரத்திலும் இருந்தால், 1 மீட்டர் உயரமுள்ள சிறுமி எத்தனை மீட்டர் வரை மறைந்திருப்பாள்?
5. தெருவில் வண்டிகள் பின்னோக்கி வரும் இடங்களைக் கவனித்து, அங்கே சிறுவர் பின்பற்ற வேண்டிய விதிகள் ஐந்தினை எழுதுக.