நடுக்கடலில் 'ஜாம்' ஆகும் எஞ்சின்: ஆயில் கூலரை கவனிங்க!

ராமேசுவரம்,
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் விசைப்படகுகளுக்கு மராமத்து பார்ப்பது இந்த நாட்களில்தான். பெயிண்டுக்கு பணத்தை கொட்டுபவர்கள்கூட ஆயில் கூலரை மறந்துவிடுகிறார்கள்.

வலை இழுக்கும்போது எஞ்சின் மணிக்கணக்கில் முழு பாரத்தில் ஓடும். லாரிக்கு ஓடுற வேகத்தில் காற்று அடிக்கும். படகு எஞ்சின் ரூமுக்குள் ஏது காற்று? கடல் தண்ணீர்தான் கதி. கூலரின் மெல்லிய குழாய்களுக்குள் கடல் தண்ணீர் ஓட, வெளியே சுற்றும் ஆயில் சூடு தணியும். குழாயில் உப்பு, பாசி அடைத்தால் ஆயில் சூடேறி தண்ணி மாதிரி இளகிவிடும். பிரஷர் இறங்கும், பேரிங் தேயும். அப்புறம் 'ஜாம்'தான்.

பழைய எஞ்சினுக்கு பெரிய கூலர் மாட்டுவது நல்லதுதான். ஆனால் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருந்தால் அதுவும் தண்டச்செலவு. செம்பு-நிக்கல் குழாய் உப்புக்கு தாங்கும். கூலரில் துத்தநாக குச்சி இருந்தால், அரிப்பை அது வாங்கிக்கொண்டு குழாயை காப்பாற்றும். பாதி கரைந்ததுமே மாத்திடணும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் எங்கே இழுத்துப் போகும்? 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு இந்தப் பக்கமே ஓடுது. தாண்டினால் இலங்கை கடற்படை. அங்கே 2018-ல் வெளிநாட்டு படகுகளுக்கான அபராதத்தை பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். ஆள் திரும்பி வந்தாலும் படகு வருவது சந்தேகம்.