கரையிலே ஒரு யந்திரசாலை – 6: மூன்றேகால் சுற்று

சென்ற வாரம் பிளக்கைப் பற்றிச் சொல்லி முடிக்கையில், பொறி நன்றாக விழுந்தும் ஒழுங்காக ஓட மறுக்கும் எஞ்சினின் குற்றம் பெரும்பாலும் கார்புரேட்டரில்தான் ஒளிந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றும் பொருட்டு வாசகர்களை மறுபடியும் முட்டத்துக் கடற்கரைக்கு, ஓலைக் கொட்டகையில் தொழில் நடத்தும் என் சிநேகிதரான மெக்கானிக் அண்ணாச்சியின் பட்டறைக்கே அழைத்துப் போகிறேன். அன்று அங்கே மர ஸ்டாண்டில் மாட்டியிருந்தது, உப்புக் காற்றில் வருஷக் கணக்காக உழைத்துச் சாயம் வெளுத்துப்போன 9.9 குதிரைசக்தி மண்ணெண்ணெய் எஞ்சின். ஸ்லோவில் நிற்காமல் அணைந்து விடுகிறது, வேகம் கொடுத்தால் தும்முகிறது என்பது வள்ளக்காரரின் முறையீடு.

வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டும் இந்த ஜாதி எஞ்சினை ஊரறிந்த வியாபாரப் பொருளாக்கிய கீர்த்தியில் பெரும்பங்கு, 1909-ஆம் வருஷம் அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்து விற்பனையைத் தொடங்கிய ஓலே எவின்ரூடைச் சேரும். ஆனால் 1980-களில் ஒட்டுப்பலகை வள்ளங்களோடு குமரிக் கரையெங்கும் பரவிய எஞ்சின்களில் பெரும்பாலானவை, எண்ணெயின் விலையை முன்னிட்டு மண்ணெண்ணெயில் ஓடும்படி அமைந்தவை. மண்ணெண்ணெய் பெட்ரோலைப்போல் சட்டென்று ஆவியாகிற வஸ்து அன்று. ஆகையால் சிறு குடுவையிலுள்ள பெட்ரோலைக் கொடுத்துக் கிளப்பி, உடம்பு சூடேறிய பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், கரை சேருமுன் திரும்பவும் பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோலே நிற்கும்படி செய்து அணைப்பதும் நித்திய விதி. அசதியில் இந்த இரண்டாவது சடங்கை மறந்தவர் மறுநாள் விடியற்காலையில் தோள்பட்டை கழலக் கயிறு இழுக்க வேண்டியதுதான்.

கார்புரேட்டரின் தத்துவம் ஒன்றும் மந்திரமில்லை. பாய்கிற திரவத்தின் வேகம் கூடுமிடத்தில் அதன் அழுத்தம் குறையும் என்று 1738-இல் வெளியான நூலில் டேனியல் பெர்னூலி காட்டிய உண்மை காற்றுக்கும் பொருந்தும். உடுக்கையைப்போல் இடை சிறுத்த குழாய் வழியே எஞ்சின் காற்றை இழுக்கையில், அந்த இடையிலே அழுத்தம் தாழ்ந்து, கீழேயுள்ள கிண்ணத்து எண்ணெய் ஜெட் எனப்படும் நுண்துளை வழியாக மேலெழும்பித் தூவானமாய்க் காற்றோடு கலக்கிறது. ஓட்டத்துக்கு மெயின் ஜெட், ஸ்லோவுக்குப் பைலட் ஜெட், அதன் கலவையைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ: இவ்வளவுதான் சமாசாரம்.

அந்த ஸ்க்ரூவின்மேல்தான் எல்லாருக்கும் கண். எனக்கும் அப்படியே.

"அண்ணாச்சி, ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் என்ன?" என்றேன்.

"பாக்கலாம் சார். முதல்ல அழுக்கு போவட்டு" என்றார் அவர். ஆனாலும் கழற்றுமுன் அந்த ஸ்க்ரூவை விரல்நுனியால் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியில் தட்டுகிறதென்று எண்ணினார். ஒன்றரைச் சுற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது மூன்றேகால் சுற்று போயிற்று.

"இத யாரு மக்கா தொட்டது?"

வள்ளக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோய் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்தில் தடவுகிற இந்த வைத்தியத்தைக் கரையோரப் பட்டறைகளில் அனுதினமும் காணலாம். பைலட் ஜெட் அடைத்துக்கொண்டதால் எண்ணெய் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட ஸ்க்ரூவைத் திறக்கிறார்கள். இரண்டு நாள் ஓடி, பின்னும் அடைபட்டு, பின்னும் திறக்கிறார்கள். கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் தேன்பாகு நிறத்தில் பிசின் படிந்திருந்தது. அதன் நடுவே முத்துப்போல் இரண்டு சொட்டு நீர். அது நின்ற இடத்தில் அலுமினியம் வெண்பொடியாய்ப் பூத்திருந்தது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானதால் கிண்ணத்தின் அடிக்கே போய்ச் சேரும். மெயின் ஜெட் வாய் வைத்து உறிஞ்சுவதும் அந்த அடியிலேதான் என்பது துரதிர்ஷ்டம்.

ரப்பர் வாஷர்களையும் ஃப்ளோட் என்கிற மிதவையையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்ற உலோகப் பாகங்களைப் பெட்ரோலில் ஊறப்போட்டார் அண்ணாச்சி. ஊறிய ஜெட்டை அவர் குத்தி எடுத்த கருவி எஃகுக் கம்பியன்று, வலை பின்னும் தங்கூசியில் ஒரு துண்டு. கம்பி பித்தளையைச் சுரண்டும். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் அதன் பரப்பு நூற்றுக்கு 21 பங்கு கூடிவிடும். அப்புறம் அந்த ஜெட்டின் தலையில் பொறித்த எண்ணுக்கு அர்த்தமேயில்லை. அதன்பின் ஃப்ளோட்டைத் திரும்ப மாட்டி, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, எண்ணெய் வரும் வழியை அடைக்கும் நீடிலை ஃப்ளோட் தன் எடையால் அழுத்தி நிற்கையில், எண்ணெய் வரும் குழாயில் வாய் வைத்து ஊதினார். காற்று புகுந்தது. நீடிலின் முனையில் மயிரிழைபோல் ஒரு வளையத் தடம். அதை மாற்றி மறுபடி ஊதியபோது கன்னங்கள் உப்பினவேயன்றிக் காற்று நகரவில்லை. இத்தனைக்கும் பிறகுதான், புது கேஸ்கட் வைத்துப் பூட்டி, ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் நிறுத்தினார்.

மிச்ச வேலையைக் கரையிலே முடிக்க அவர் சம்மதிப்பதில்லை. தொட்டித் தண்ணீரில் சாதுவாக ஓடும் எஞ்சின், ஆளும் வலையும் ஏறிய வள்ளத்தைத் தள்ளும்போது வேறு சுபாவம் காட்டும். ஆகவே மூவருமாகக் கலங்கரை விளக்கம் தெரியும் தூரத்துக்குப் போனோம். எஞ்சின் சூடேறி மண்ணெண்ணெய்க்கு மாறியபின், கியரில் போட்டு ஸ்லோவில் விட்டு, ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று உள்ளே திருப்பிவிட்டுக் காத்திருந்தார். திருப்பியது உடனே காதுக்கு எட்டாது. இன்னும் அரைக்கால். ஓட்டம் சற்றே துரிதமாயிற்று. இன்னும் அரைக்கால் உள்ளே போனதும் தும்மல் ஒன்று. கலவை மெலிந்துவிட்டதென்று அர்த்தம். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மசகெண்ணெயும் எரியெண்ணெயோடு கலந்தே வருவதால், கலவையை மெலியவிட்டால் உள்ளே உஷ்ணம் ஏறுவதோடு வழவழப்பும் குறைந்து, பிஸ்டன் உராய்ந்து கெட்டுப்போகவும் கூடும். அதனால் கால் சுற்று வெளியே திருப்பி, சிறிது புகையை மன்னித்து, அங்கேயே நிறுத்தினார். இந்த எஞ்சினின் ஸ்க்ரூ எண்ணெயை அளப்பது. காற்றை அளக்கும் ஸ்க்ரூ உள்ள எஞ்சினில் உள்ளே திருகினால் கலவை தடிக்கும் என்பதை, வீட்டில் சோதித்துப் பார்க்க ஆசைப்படும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

திடீரென்று முழு வேகம் கொடுத்தார்; தும்மலில்லை. குறைத்தார், அணையவுமில்லை. வள்ளக்காரர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வருகையில், கரைக்கு இன்னும் நூறு கஜம் இருக்கும்போதே, யாரும் சொல்லாமல் அவர் கை குழாயைப் பெட்ரோல் பக்கம் திருப்பிற்று.

(தொடரும்)